போட்டி: ஒரு சொல்லின் வான்வழி வரலாறு

இது விமானத் துறை வல்லுநர் ஒருவர் எழுதிய கட்டுரை அல்ல. தமிழ் எம்.ஏ. படித்தவன் நான், பிரதிகளை வாசிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. ஏகனாபுரம் போராட்டத்தோடு நின்றுகொண்டிருந்த நண்பர் ஒருவர் ஒரு நாள் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து போட்டார். 2016ஆம் ஆண்டு தேசிய வான்வழிக் கொள்கையின் பக்கங்கள், பரந்தூர் விமான நிலையம் பற்றிய அரசுக் குறிப்புகள், சில ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரைகள். ‘இதைத் தமிழில் போட்டுக் கொடுங்க, ஊரில் படிக்கணும்’ என்றார். உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் எப்படியோ நகர்ந்தது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். விமான நிலையங்கள் போட்டித்திறன் உடையனவாக இருக்க வேண்டும், விமான நிறுவனங்கள் போட்டித்திறன் உடையனவாக இருக்க வேண்டும், சென்னை பெங்களூரிடமும் ஐதராபாத்திடமும் போட்டியில் பின்தங்கிவிட்டது, ஆகவே காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். இந்த ‘ஆகவே’தான் என்னை நிறுத்தியது.

போட்டி என்றால் எங்கள் பக்கம் கபடி, உறியடி, மார்கழிக் கோலம். (பிரியாணிக் கடையில் கேட்டால் ஆட்டுக்குடல்.) எதுவானாலும் கோடு ஒன்று இருக்கும், இரண்டு பக்கம் இருக்கும், நடுவர் என்று ஒருவர் விசிலோடு நிற்பார். வான்வழிக் கொள்கை என்கிற சொல்லாடலுக்குள் இந்தச் சொல் நுழையும்போது கோட்டைப் போடுகிறவர் யார், ஆடுகிறவர் யார், ஆடாமலேயே தோற்றுப் போகிறவர் யார் என்று கேட்கத் தோன்றியது. கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனால் 1946வரை போக வேண்டியிருக்கிறது.

*

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கப் படை விட்டுப்போன டக்கோட்டா விமானங்கள் இந்தியாவில் மலிவாகக் கிடைத்தன. பழைய லாரி வாங்குவதுபோல வாங்கினார்கள். டாடா ஏர்லைன்ஸ் ஏற்கெனவே இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்ததும், அங்கிருந்து அதே தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்ததும் பள்ளிப் பாடத்தில்கூட வருகிற கதை. அந்த நிறுவனம் 1946இல் ஏர் இந்தியா ஆனது. போருக்குப் பின் அதோடு இந்தியன் நேஷனல், டெக்கான், பாரத், கலிங்கா, ஹிமாலயன், ஏர்வேஸ் இந்தியா, ஏர் சர்வீசஸ் ஆஃப் இந்தியா என்று வரிசையாக நிறுவனங்கள் வானத்தில் இறங்கின. பறக்கிற ஆள் குறைவு, பறக்க வந்த கம்பெனி அதிகம்.

1950இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் அமைந்த விசாரணைக் குழு சொன்னது சுருக்கமாக இதுதான்: உரிமம் கணக்கில்லாமல் கொடுக்கப்பட்டுவிட்டது, இருக்கிற பயணிகளை வைத்து இத்தனை பேர் பிழைக்க முடியாது, சேர்ந்து குறைய வேண்டும். நிறுவனங்கள் சேரவில்லை. நட்டம் ஏறியது. 1953இல் வான்வழிக் கழகங்கள் சட்டம் வந்தது. ஆகஸ்டு 1 முதல் உள்நாட்டு நிறுவனங்கள் எட்டும் ஒன்றாகி இந்தியன் ஏர்லைன்ஸ் கழகம். வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல்.

இந்த இடத்தில் நம் இடதுசாரி நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. 1953ஐ சோசலிசத்தின் வெற்றி என்று எழுதுகிறார்கள். மறுபக்கத்தில் தாராளவாதிகள் அதையே அரசு செய்த வழிப்பறி என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே கதையாடலின் இரு முகங்கள். நடந்தது என்ன? தனியார் போட்டி தன்னைத்தானே தின்று முடித்திருந்தது. ஓடாத நிறுவனங்களை இழப்பீடு கொடுத்து அரசு எடுத்துக்கொண்டது. டாடாவுக்கு இதில் கசப்பு இருந்தது உண்மை. ஆனால் அவரே 1978வரை, மொரார்ஜி தேசாய் அரசு அவரை நீக்குகிறவரை, ஏர் இந்தியாவின் தலைவராக நீடித்தார். அரசுக்கும் மூலதனத்துக்கும் நடுவே நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய சுவர் எதுவும் எழும்பவில்லை. அந்த நிறுவனத்தின் அடையாளச் சின்னத்தைப் பாருங்கள்: தலைப்பாகையோடு குனிந்து வணங்கும் மகாராஜா. 1946இல் பிறந்தது. நாடு குடியரசாகி, சமஸ்தானங்கள் கரைந்து, 1971இல் மன்னர் மானியமும் ஒழிந்த பிறகும் மக்கள் சொத்தான விமானத்தில் மகாராஜா குனிந்துகொண்டே இருந்தார். யாருக்குக் குனிந்தார் என்பது டிக்கெட் விலையில் இருந்தது.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு விசயம் நடந்தது. எனக்குத் தாத்தா முறையாக வேண்டிய ஒருவர் அறுபதுகளில் சென்னையில் ஆர்.எம்.எஸ்.ஸில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவர். ராத்திரித் தபால் விமானத்தைப் பற்றி அவர் சொல்லும்போது கண் மினுங்கும். ‘நாலு பிளேன்டா. மெட்ராஸ்லேர்ந்து ஒண்ணு, பம்பாய்லேர்ந்து ஒண்ணு, கல்கத்தா, டெல்லி. நாலும் நடு ராத்திரி நாக்பூர்ல வந்து நிக்கும். மூட்டையை மாத்திக்கிட்டு விடியறதுக்குள்ள வீடு திரும்பிடும். இங்க சாயந்திரம் போட்ட லெட்டர் மறுநா காலைல டெல்லில.’ 1949இல் தொடங்கிய திட்டம் அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. பயணி அரைத் தூக்கத்தில் நாக்பூர் ஓடுதளத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு வேறு விமானத்தில் ஏறுவார். மையம் ஒன்றில் எல்லாத் தடங்களும் வந்து கூடிப் பிரிகிற இந்த முறையை அமெரிக்க நிறுவனங்கள் எழுபதுகளின் கடைசியில் பெரிய அளவில் கைக்கொண்டபோது மேலாண்மைப் புத்தகங்கள் புதுமை என்றன. இங்கே அது பதினைந்து காசுக் கடிதத்துக்காக நடந்தது. விமானத்தைக் கண்ணால் பார்க்காதவனும் அதில் ஒரு பயனாளி. விமானத்தை வைத்து யாருக்கு என்ன செய்யலாம் என்கிற கேள்விக்கு, பயணியை மட்டும் கணக்கில் எடுக்காத ஒரு விடை அதில் இருந்தது.

அரசு ஏகபோகத்தை நான் மிகையாகப் புகழப் போவதில்லை. ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தால் வேலை போகும். முதல் கர்ப்பத்தோடு வேலை போகும். நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல்தான் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைத் தூக்கி எறிந்தது. அப்போதும் அந்த நான்கு ஆண்டுத் திருமண விதியைச் செல்லும் என்றே விட்டுவைத்தது. பொதுத்துறை என்கிற சொல்லில் ‘பொது’ யார் என்று பெண்கள்தாம் நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் 1990. சதாம் குவைத்துக்குள் புகுந்தபோது அம்மானிலிருந்து 488 முறை பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெரும்பகுதி கொத்தனாரும் டிரைவரும் வீட்டுவேலைப் பெண்களும். எந்தப் போட்டித்திறன் அட்டவணையிலும் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

*

1990 பிப்ரவரி 14, பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸின் புத்தம் புதிய ஏர்பஸ் விழுந்தது. அந்த வகை விமானங்களை எல்லாம் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தினார்கள். டிக்கெட் கிடைக்கவில்லை. தாராளமயத்துக்குச் சித்தாந்தம் ஒரு காரணம் என்றால், கவுண்டரில் நின்ற வரிசை இன்னொரு காரணம். ‘ஏர் டாக்சி’ என்ற பெயரில் தனியாரை உள்ளே விட்டார்கள். சட்டம் தனியாரைத் தடுக்கிறது, ஆகவே அவர்கள் விமான நிறுவனம் அல்ல, வாடகை வண்டி! சொல்லை மாற்றிச் சட்டத்தைத் தாண்டுவது நம் அதிகார வர்க்கத்தின் பழைய கவித்துவம். 1992இல் ஈஸ்ட் வெஸ்ட். 1993இல் ஜெட், தமானியா. 1994 மார்ச்சில் 1953ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. மோடிலுஃப்ட், சகாரா, நம் சென்னையிலிருந்து என்.இ.பி.சி. காற்றாலை விற்றுக்கொண்டிருந்தவர்கள், ‘காத்தை வித்தாங்க, இப்ப காத்துல பறக்கறாங்க’ என்று அப்போது ஒரு கிண்டல் உண்டு என்று மூத்த நண்பர் சொன்னார். தமானியாவையும் அவர்களே வாங்கினார்கள்.

1995 நவம்பரில் ஈஸ்ட் வெஸ்ட் தலைவர் தக்கியுதீன் வாகித் பம்பாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் நின்றது. மோடிலுஃப்ட் 1996இல் நின்றது. என்.இ.பி.சி. 1997இல் நின்றது. ஐந்தாண்டுக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். 1946–53 அப்படியே திரும்ப நடந்தது. இம்முறை இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ள அரசு வரவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. பைலட்டுகளுக்கு வேறு வேலை கிடைத்தது. மூட்டை தூக்கியவர்களுக்கும் கவுண்டரில் இருந்தவர்களுக்கும் என்ன கிடைத்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் அரசு செய்த ஒரு காரியத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1994இல் வந்த தடப் பரவல் நெறிகள். லாபம் கொழிக்கும் பெருந்தடங்களில், அதாவது மும்பை–டெல்லி, சென்னை–டெல்லி போன்றவற்றில், ஒரு நிறுவனம் நூறு இருக்கை ஓட்டினால் வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், இலட்சத்தீவுத் தடங்களில் பத்து இருக்கையாவது ஓட்டியாக வேண்டும். மற்றச் சிறு ஊர்த் தடங்களில் ஐம்பது. நமக்கு இது புதிதல்ல. தமிழ்நாட்டில் 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன் என்று போக்குவரத்துக் கழகங்கள் வந்ததன் தர்க்கமும் இதுதான்: மதுரை–சென்னை வண்டியின் வசூல் சேரிக்குள் போகும் டவுன் பஸ்ஸின் டீசலுக்கு ஆகும். (அந்தக் கழகங்களில் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது 1997இல் என்ன நடந்தது, எல்லாத் தலைவர்களின் பெயரும் எப்படி அழிக்கப்பட்டன என்பது இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதுரை விமான நிலையத்துக்கு யார் பெயர் வைப்பது என்ற தகராறு அதன் தொடர்ச்சி. பஸ்ஸானாலும் விமானமானாலும் சாதி டிக்கெட் எடுக்காமலேயே ஏறிக்கொள்கிறது.)

போட்டி என்ற பெயரில் உண்மையில் நடந்த சண்டைகள் கோட்டைப் பற்றியவை. தொண்ணூறுகளில் டாடா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு சேர்ந்து விமான நிறுவனம் தொடங்க அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. 1997இல் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் இந்திய விமான நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கக் கூடாது என்று விதி வந்தது. ஜெட்டில் குவைத், கல்ஃப் இரண்டும் வைத்திருந்த பங்குகளை விற்றன. ஜெட் நின்றது, டாடா வெளியே நின்றார். 2004இல் இன்னொரு கோடு: ஐந்தாண்டு உள்நாட்டில் பறந்து இருபது விமானம் வைத்திருந்தால்தான் வெளிநாடு பறக்கலாம். வளைகுடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் நேற்றுப் பிறந்த நிறுவனம் சென்னைக்கு வரலாம். சென்னையில் நேற்றுப் பிறந்தது துபாய்க்குப் போக முடியாது. 2012இல் வெளிநாட்டு விமான நிறுவனத்துக்கு 49 விழுக்காடுவரை பங்கு அனுமதி. அடுத்த ஆண்டே ஜெட்டில் எதிஹாட் நுழைந்தது. 2016 கொள்கை ஐந்தாண்டை நீக்கி இருபது விமானத்தை வைத்துக்கொண்டது. ஐந்து–இருபது நீங்க வேண்டும் என்று புதியவர்கள் கேட்டார்கள், இருக்க வேண்டும் என்று பழையவர்கள் கேட்டார்கள். இரு தரப்பும் பயன்படுத்திய சொல் ஒன்றே: சமமான ஆடுகளம். கோட்டுக்கு வெளியே நிற்கும்போது போட்டி வேண்டும், உள்ளே வந்ததும் கோடு வேண்டும்.

*

‘சூரரைப் போற்று’ படத்தை இங்கே விட்டுவிட முடியாது. 2020இல் வந்தது. கர்நாடகத்துக்காரரான கேப்டன் கோபிநாத்தின் கதையைச் சோழவந்தானுக்குக் கொண்டுவந்து நெடுமாறன் ஆக்கினார்கள். அப்பா சாகக் கிடக்கிறார், டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை, விமான நிலையத்தில் கண்டவரிடம் கையேந்துகிறான். நானும் அழுதேன், மறைப்பானேன். ஏழை பறக்க வேண்டும் என்கிற ஆசையை மேல்சாதி மேல்தட்டு வில்லனுக்கு எதிராக நிறுத்தியது அந்தப் படம். தனியார் மூலதனத்துக்குத் திராவிட அரசியலின் உடை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. படம் வெற்றியோடு முடிகிறது. வரலாறு முடியவில்லை. 2003இல் பெங்களூர்–ஹூப்ளி தடத்தில் தொடங்கிய ஏர் டெக்கான் 2007இல் விஜய் மல்லையாவின் கைக்குப் போனது, கிங்ஃபிஷரோடு கரைந்தது, கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. மாதக்கணக்கில் சம்பளம் வராத ஊழியர்களை விட்டுவிட்டு முதலாளி லண்டன் போனார். ஜெட் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே. ஏழையைப் பறக்கவைத்த கதையைப் பாராட்டுகிற நாம், பறக்கவைத்தவர்களின் சம்பளப் பாக்கியை ஒரு குறும்படமாகக்கூட எடுக்கவில்லை.

அரசு நிறுவனத்தின் முடிவும் அழகானதல்ல. 2005–06இல் ஏர் இந்தியாவுக்கும் இந்தியனுக்குமாக 111 விமானங்களுக்கு ஆர்டர்; 2007இல் இரண்டையும் சேர்த்தார்கள்; கடன் மலையானது. 2021இல் டாடா குழுமம் 18,000 கோடிக்கு எடுத்தது: 15,300 கோடி கடனை ஏற்பது, 2,700 கோடி ரொக்கம். மீதம் 46,000 கோடிக்கு மேற்பட்ட கடன் அரசின் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது, அதாவது நமக்கு. 2022 ஜனவரி 27 அன்று சாவி கைமாறியது. மகாராஜா வீடு திரும்பினார் என்று செய்தித்தாள்கள் உருகின. வீட்டை வாங்கியவருக்கு அடமானக் கடனின் பெரும்பகுதி போகவில்லை என்பது உள்பக்கத்தில் இருந்தது.

*

விமான நிறுவனங்களைவிட விமான நிலையங்களின் கதைதான் ஏகனாபுரத்துக்கு நெருக்கமானது. விமான நிலையம் என்பது நிலம். வானத்தில் கம்பெனி செத்தால் இன்னொன்று வரும். நிலம் போனால் போனதுதான்.

2006இல் டெல்லியும் மும்பையும் தனியாருக்குப் போயின. பிப்ரவரியில் விமான நிலைய ஆணைய ஊழியர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரத்துப் பத்திரிகைகள் கழிவறை நாற்றத்தை எழுதின. டெல்லியின் நிலம் ஆண்டுக்கு 100 ரூபாய் குத்தகை என்று 2012இல் தலைமைக் கணக்காயர் அறிக்கை சொன்னது; வருமானத்தில் 45.99 விழுக்காடு அரசுக்கு வருகிறதே என்பது எதிர்த்தரப்பு வாதம். அதுவும் வாதம்தான், மறுக்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது 2008. ஐதராபாத்தில் ஷம்ஷாபாத் மார்ச்சிலும் பெங்களூரில் தேவனஹள்ளி மே மாதத்திலும் திறந்தன. சென்னை யாரோடு போட்டியிட்டுத் தோற்றது என்று சொல்லப்படுகிறதோ அந்த இரண்டும் இவை. இவற்றின் உரிம ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. 25 ஆண்டுகளுக்கு 150 கிலோமீட்டர் சுற்றளவில் வேறு விமான நிலையம் வரக் கூடாது, சில விலக்குகள் தவிர. ஊருக்குள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேகம்பேட்டையும் எச்.ஏ.எல். நிலையமும் பயணிகள் சேவைக்கு மூடப்பட்டன. அதை எதிர்த்தும் 2008 மார்ச்சில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

திரும்பப் படித்துப் பாருங்கள். போட்டித்திறனுக்கு முன்மாதிரியாக நமக்குக் காட்டப்படும் நிலையங்கள் போட்டியைச் சட்டப்படி ஒழித்துவிட்டுப் பிறந்தவை. இதன் விளைவு தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் உண்டு. 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓசூர் பெங்களூருக்கு எதிர்வீடு. 2033வரை அந்த 150 கிலோமீட்டர் விதி குறுக்கே நிற்கிறது. 2004இல் ஒன்றிய அரசும் ஒரு கம்பெனியும் போட்ட கையெழுத்து, இன்னொரு மாநிலத்தின் நிலத்தில் 2033வரை செல்லும்! (ஓசூரில் அந்த 2,000 ஏக்கர் யாருடையது என்ற கேள்வி தனி. மாநில சுயாட்சி பேசுகிற நாம் அந்தக் கேள்வியை அடிக்கடி மறந்துபோகிறோம்.)

திருவனந்தபுரத்தில் 2019இல் நடந்தது இன்னும் சுவையானது. ஆறு விமான நிலையங்களை ஏலம் விட்டார்கள். ஆறையும் அதானி குழுமமே எடுத்தது. திருவனந்தபுரத்துக்குக் கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் கேட்டது, பயணிக்கு 135 ரூபாய் என்று. அதானி 168 ரூபாய். அதிகம் கேட்டவருக்குக் கொடுத்தார்கள், விதிப்படி சரிதான். நிலத்தின் ஒரு பகுதி எங்கள் சமஸ்தானம், எங்கள் மாநிலம் கொடுத்தது என்று கேரளம் வழக்காடியது. 2022இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே கேரளத்தில் 1999இல் கொச்சியில், முப்பது நாடுகளில் வேலை பார்த்த மலையாளிகளின் சேமிப்பையும் அரசுப் பங்கையும் சேர்த்து ஒரு நிலையத்தைக் கட்டியிருந்தார்கள். அங்கும் எண்ணூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் நெடும்பாசேரியில் வீடு இழந்தவர்களில் பலருக்கு அந்த நிலையத்திலேயே வேலையும் டாக்சி உரிமமும் கிடைத்தன. அந்த மாதிரியை எந்த ஆவணமும் போட்டித்திறன் என்ற தலைப்பில் பேசுவதில்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே பார்க்கலாம். திருச்சியில் சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் அத்தனை நிற்கின்றன, மதுரையில் ஏன் இல்லை? மதுரைக்காரன் பறக்க விரும்பவில்லையா? 2003இல் ஆசியான் நாடுகளின் விமானங்கள் தடையின்றி வந்துபோகலாம் என்று இந்தியா 18 ஊர்களைப் பட்டியலிட்டது. சுற்றுலா ஊர்கள் என்று பெயர். கயா, வாரணாசி, கஜுராஹோ வரிசையில் திருச்சிராப்பள்ளி இருந்தது. மதுரை இல்லை, கோயம்புத்தூர் இல்லை. மீனாட்சி கோயிலைச் சுற்றுலாவில் சேர்க்காத பட்டியல்! அதற்குப் பின் திருச்சி வென்றது, மதுரை தோற்றது என்று வர்த்தகப் பக்கத்தில் எழுதுகிறார்கள். டெல்லியில் ஒரு பக்கத் தட்டச்சு. அந்த ஊர்கள் ஆடவே இல்லை.

*

2016 கொள்கையின் நல்ல பிள்ளை உடான். ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய், குறைகிறதை அரசு ஈடுகட்டும். பெருந்தட விமானங்களின் மேல் வரி போட்டு அந்தப் பணம் திரட்டப்படும். 1994ஆம் ஆண்டு நெறிகளின் தங்கைதான் இது, ஆனால் ஏலத்தில் விட்ட தங்கை. 2018 மார்ச்சில் சென்னை–சேலம் பறந்தது, 2021இல் நின்றது, 2023இல் மறுபடி வந்தது. 2023இல் தலைமைக் கணக்காயர் கணக்கைச் சொன்னார்: மூன்றாம் சுற்றுவரை கொடுத்த 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டு முழுதாக ஓடியவை 112. அதற்குப் பின்னும் உயிரோடு இருந்தவை 54. மினி பஸ் பர்மிட் வாங்கி வண்டியே விடாதவனை ஊரில் நாலு பேர் கேட்பார்கள்.

இன்னொரு முனையில், போட்டி முற்றிப் பழுத்த இடத்தில், உள்நாட்டுப் பயணிகளில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கையில் வந்து நின்றது. 2025 டிசம்பர் முதல் வாரம் அதன் பலன் தெரிந்தது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததும் இண்டிகோவுக்கு ஆள் போதவில்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறப்புகள் ரத்து. நாடெங்கும் விமான நிலையத் தரையில் ஜனம் படுத்துக் கிடந்தது. அரசு என்ன செய்தது? கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது, சரி. கூடவே ஓய்வு விதியைத் தளர்த்தியது. பிழை செய்தது நிறுவனம், தூக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவர் விமானி. இவ்வளவு பெரிய ஒன்று நின்றால் நாடே நிற்கும் என்ற நிலையில் நடுவர் விசிலைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

*

பரந்தூருக்கு வருகிறேன். 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று ஊர்கள். அறிவிப்புக்கு முன்பிருந்தே, ஜூலை முதல், ஏகனாபுரத்தில் மாலை நேரங்களில் கூடி உட்கார்ந்தார்கள். நாள் நூறைத் தாண்டியது, ஐந்நூறைத் தாண்டியது, ஆயிரத்தைத் தாண்டியது. கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. திட்ட இடத்தில் கணிசமான பகுதி ஏரி, குளம், ஓடை. கம்பன் கால்வாய் அதற்குள் ஓடுகிறது. ஒரு ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்து அடுத்த ஏரிக்குப் போய், அது நிரம்பி அடுத்ததற்கு என்று சங்கிலி. இந்தச் சங்கிலியும் ஒரு தடப் பரவல்தான். மேல் ஏரிக்காரன் மொத்தத்தையும் அடைத்து வைத்துக்கொண்டால் கீழ் ஏரிக்காரன் மண்வெட்டியோடு வருவான். அங்கே நடுவர் உண்டு.

மீனம்பாக்கம் நெரிசலாகிவிட்டது என்ற வாதத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. கண்ணாடி உடைந்து விழுந்த எண்ணிக்கையே தலைப்புச் செய்தியான காலத்தில் நானும் அங்கே தலையைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறேன். வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகள் பெங்களூர் போய் ஏற வேண்டியிருப்பதும் கஷ்டம்தான். ஆனால் நெரிசல் என்பது ஒரு வாதம், போட்டி என்பது வேறொரு வாதம். நெரிசல் என்றால் எத்தனை பேர், எந்த நேரம், இருக்கிற இரண்டு ஓடுதளத்தில் எத்தனை ஏற்ற இறக்கம், என்ன குறைக்கலாம், எங்கே மாற்றலாம் என்று கணக்குப் போட்டுப் பேசலாம். ஏகனாபுரத்துக்காரர்களும் அந்தக் கணக்கில் உட்காரலாம். போட்டி என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. பெங்களூர் நாலாயிரம் ஏக்கர் என்றால் நமக்கு ஐயாயிரம். பக்கத்து வீட்டில் மாடி ஏறினால் நம் வீட்டிலும் ஏற வேண்டும். பெங்களூர் எப்படி ஏறியது, எந்தக் கதவை மூடிவிட்டு ஏறியது என்று கேட்கிறவன் வளர்ச்சிக்கு எதிரி.

மொழிபெயர்ப்பை நண்பரிடம் கொடுத்துவிட்டேன். போட்டித்திறன் என்றே வைத்துவிட்டேன், வேறு வழி தெரியவில்லை. அடிக்குறிப்பாக அந்த 150 கிலோமீட்டர் விதியை மட்டும் எழுதிச் சேர்த்தேன். ஊரில் படித்துக் காட்டியபோது உலகத் தரம், சரக்கு முனையம் எல்லாவற்றையும் பேசாமல் கேட்டவர்கள் அந்த அடிக்குறிப்பு வந்ததும் திரும்பப் படிக்கச் சொன்னார்களாம். ‘அப்ப ஓசூர்க்காரன் கட்டக் கூடாதுன்னு பெங்களூர்க்காரன் எழுதி வாங்க முடியுது. எங்க ஏரியில கட்டக் கூடாதுன்னு நாங்க எழுதிக் குடுத்தா மட்டும் செல்லாதா?’ என்று ஒரு பெரியவர் கேட்டதாக நண்பர் சொன்னார். கிராம சபைத் தீர்மானத்தைச் சொல்கிறார்.

2025இல் சிலர் நிலத்தைப் பத்திரம் பதிந்து கொடுத்தார்கள். மகளின் கல்யாணம், மூன்று ஆண்டாக விற்கவும் முடியாமல் அடமானம் வைக்கவும் முடியாமல் முடங்கிக் கிடந்த சொத்து, மருத்துவமனைச் செலவு. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவர்களைத் துரோகி என்று எழுத வேண்டாம் என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் எழுதவில்லை. மாலைக் கூட்டத்தில் அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் கொஞ்ச நாள் யாரும் உட்காராமல் இருந்தார்களாம்.